நாய்க்கு விடைகொடுத்த நல்லறம்: சீவகன் முதல் குன்னூர் வரை

தமிழ் இலக்கியத்தில் நாய்க்கு இருவேறு இடங்கள் உண்டு. பக்திப் பாடல்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது நாயை உவமையாக்கின. சமண முனிவர்கள் அருளிய நாலடியாரோ நட்பின் உயர்வுக்கு நாயையே அளவுகோலாக வைத்தது. பல்லாண்டு பழகிய பாகனையும் யானை கொன்றுவிடும். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் தன் தலைவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அந்நூல் காட்டும் உண்மை. ஆகவே யானை போன்ற பெருமையுடையாரை விடுத்து, நாய் போன்ற அன்புடையாரோடு நட்புக் கொள்க என்று அது அறிவுறுத்துகிறது.

நாய் மனிதனிடம் காட்டும் அன்பு இவ்வாறு பாடப்பெற்றது. மனிதன் நாயிடம் காட்டும் அன்போ, அந்த உயிர் பிரியும் வேளையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. அவ்வேளையில் நம் முன்னோர் என்ன செய்தனர் என்பதற்குக் கல்லிலும் சொல்லிலும் சான்றுகள் உள்ளன.

முதற்சான்று, தமிழ்ச் சமணர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே கிடைத்துள்ளது. அங்குள்ள எடுத்தனூரில் ஒரு நடுகல் கண்டறியப்பட்டது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட கல் அது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக எழுப்பப்பட்டது. அவ்வீரனின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனி எழுத்துப்பொறிப்பு கூறுகிறது. மன்னர் பலரின் பெயர்கள் அழிந்துபோயின. அந்த நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

இரண்டாம் சான்று நீலமலைக்கு வடக்கே, கன்னட நாட்டு மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியை இக்கல்வெட்டு கூறுகிறது. கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் பணியாற்றிய மணலேரன் என்னும் வீரன், மன்னனிடமிருந்து காளி என்னும் வேட்டைநாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது. இரண்டும் மடிந்தன. மணலேரன் தன் நாய்க்காகக் கல் நாட்டினான். நிலமும் கொடையாக விட்டான். அந்நிலத்தை நுகர்வோர் கல்லுக்குரிய வழிபாட்டைச் செய்த பின்னரே உண்ணவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கங்கர் சமணத்தைப் பேணிய மரபினர். சரவணபெளகொளாவில் கோமதீசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் கங்கரின் அமைச்சரே. எனினும் காளியின் கல் வேட்டையைப் போற்றும் கல் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அதில் அன்பு உண்டு, அகிம்சை இல்லை. கோவிவனும் காளியும் தம் தலைவர்க்கு ஆற்றிய தொண்டுக்காகவே கல் பெற்றன. தொண்டு செய்யாத நாய்க்கு, பெயரில்லாத நாய்க்கு, எவருக்கும் உரிமையில்லாத நாய்க்கு யார் விடைகொடுப்பது? இவ்வினாவுக்குக் காளியின் கல் நடப்பட்ட அதே நூற்றாண்டைச் சார்ந்ததாக அறிஞர் பலர் கருதும் ஒரு சமணக் காப்பியம் விடை தருகிறது.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் அந்நிகழ்ச்சி வருகிறது. இளவேனில் விழா. நகர மாந்தர் நீராடி மகிழ்கின்றனர். அங்கே பிறர் உணவைத் தீண்டிவிட்ட நாயொன்றைச் சினமுற்றோர் அடித்து வீழ்த்துகின்றனர். அவ்வழி வந்த சீவகன் அதனைக் காண்கிறான். அதனைப் பிழைப்பிக்க இயலாது என்று உணர்கிறான். விழாவின் ஆரவாரத்துக்கு நடுவே அவன் அதன் அருகில் அமர்ந்து, செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் அமைதியாக உயிர்நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. உடனே வந்து சீவகனுக்கு நன்றியும் கூறுகிறது.

கதை அத்துடன் முடிவதில்லை. பின்னர்க் கட்டியங்காரனின் ஆணையால் சீவகன் கொலைக்களத்தை நோக்கிக் கொண்டுசெல்லப்படும்போது, அவனை மீட்டுத் தன் மலைக்கு அழைத்துச் செல்பவன் சுதஞ்சணனே. விடைபெறும் வேளையில் அவன் சீவகனுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறான். அவற்றுள் ஒன்று நஞ்சைத் தீர்ப்பது. அதனைக் கொண்டுதான் பாம்பு தீண்டிய பதுமையின் உயிரைச் சீவகன் காக்கிறான். நாய்க்குச் செய்த அறம் ஒரு பெண்ணின் உயிரைக் காத்த மருந்தாக உலகுக்குத் திரும்பி வந்தது. 1887ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, இதன் சமயக் கருத்துக்களை அவருக்கு விளக்கி உதவியவர்கள் குடந்தைச் சமணர்கள் என்பது நம் சமூகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

நாயின் செவியில் மந்திரம் ஓதுவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஜைன தத்துவப்படி நாய் ஐயறிவு மட்டும் உடையதன்று. மனமும் உடைய பஞ்சேந்திரிய உயிர். விலங்குகதி என்பது அவ்வுயிரின் நிலையான இருப்பிடமன்று. அது நாற்கதிகளுள் ஒன்று. உயிர் பிரியும் வேளையில் அடையும் அமைதியோ கலக்கமோ அதன் அடுத்த பயணத்தைப் பாதிக்கும் என்பது ஆகமங்களின் துணிபு. மனிதர்க்குச் சல்லேகனை வேளையில் அருகிருந்து திருநாமம் ஓதுகிறோம். சீவகன் அதே உரிமையை ஒரு தெருநாய்க்கும் அளித்தான்.

இனி நீலமலைக்கு வருவோம். இம்மலைக்கும் சமணத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனின் படைத்தலைவன் புணிசன் ஒரு சமணன். சாமராசநகரில் அவன் எழுப்பிய பார்சுவநாதர் ஜினாலயத்தின் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவன் தோதவரை அஞ்சச் செய்து நீலமலையைக் கைக்கொண்டதைக் கூறுகிறது. தோதவர் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுவது ஒரு ஜினாலயக் கல்வெட்டே என்பது குறிப்பிடத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உதகையில் குடியேறியபோது தம் வேட்டைநாய்களையும் கொண்டுவந்தனர். அந்நாய்க் கூட்டங்களை ஏவி, புல்வெளிகளில் குள்ளநரிகளைத் துரத்திக் கொல்லுதல் அவர்களின் விளையாட்டாயிற்று. நாய்மீது பேரன்பும் நரிமீது இரக்கமின்மையும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. காளியின் கல்லில் கண்ட அதே முரண் இங்கும் தொடர்ந்தது.

ஆனால் இதே மலையில்தான் நாய்க்கும் மனிதனுக்கும் இடையே நின்ற பேரச்சத்தைப் போக்கும் பணியும் வேரூன்றியது. வெறிநாய்க்கடிக்கு 1885ஆம் ஆண்டு பிரான்சில் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டார். இந்தியாவில் அச்சிகிச்சை முதலில் வடக்கே கசௌலி மலையில்தான் கிடைத்தது. தென்னாட்டார் அவ்வளவு தொலைவு செல்வதற்குள் காலம் கடந்துவிடும். 1902இல் இளம் ஆங்கிலப் பெண் ஒருவர் இந்நோயால் இறந்தது தென்னாட்டுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் ஒப்படைத்த 1 லட்சம் ரூபாய் நன்கொடை அதற்குத் துணையாயிற்று. 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் பணியைத் தொடங்கியது.

சமணர் நோக்கில் இம்மருந்தின் வரலாறு நெருடலும் உடையது. நெடுங்காலம் இத்தடுப்பூசி ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. ஒரு நாயின் கடிக்கு ஓர் ஆடு உயிர் கொடுத்தது. வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட ஊசிகளை மூத்தோர் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். 2004ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா இம்முறையைக் கைவிட்டது. இன்று தடுப்பூசி ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களைக் கொண்டு செய்யப்படுகிறது. இதற்கென ஆடுகளைப் பலியிடும் தேவை ஒழிந்தது. அறிவியலின் வளர்ச்சி அகிம்சையின் திசையிலும் செல்லக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

இம்மருந்துக்கும் சீவகன் கதைக்கும் என்ன தொடர்பு? சீவகன் நாயின் செவியருகே குனிந்தான். வெறிநோய் கண்ட நாயின் செவியருகே எவரும் குனிய இயலாது. அந்நோய் நாயின் உயிரை மட்டுமன்றி, அதற்கு விடைகொடுக்கும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. பத்தாண்டு வளர்த்தவரும் கதவைச் சாத்திக்கொண்டு தொலைவில் நிற்கவேண்டியதுதான். மனிதர்க்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 வரை நாய்கள் வழியாகவே பரவுகிறது என்றும், ஒரு பகுதியிலுள்ள நாய்களுள் 100க்கு 70க்கேனும் தடுப்பூசி போட்டால் பரவல் தடைப்படும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே ஆண்டுதோறும் நாய்க்குப் போடும் ஊசி, அதன் இறுதிநாளில் நாம் அருகிருக்கும் உரிமையையும் காக்கிறது.

இந்நோயை முன்னிட்டு அகிம்சையாளர்களிடையே பெரும் விவாதமும் நிகழ்ந்தது. 1926ஆம் ஆண்டு அகமதாபாத்தில் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களை அச்சம் காரணமாகக் கொல்லச் செய்தார். காந்தியடிகள் அது தவிர்க்க இயலாதது என்று கருத்துரைத்தபோது ஜைனர் பலர் கடுமையாக மறுத்தனர். 'யங் இந்தியா' இதழில் அவர் தொடர்ந்து விடை எழுதினார். உரிமையாளர் இல்லாத நாய் தெருவில் திரிவதே சமூகத்தின் குற்றம் என்பதும், சோற்றை எறிந்துவிட்டுப் போவது சீவதயை ஆகாது என்பதும் அவர் வாதத்தின் உட்பொருள். கொலையை ஏற்க இயலாதோரும் இப்பகுதியை ஏற்றே ஆகவேண்டும். கொல்லாமை என்பது கைவிடாமையையும் உள்ளடக்கியது.

நீலமலையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் நாய் இல்லாத வரிசைவீடுகள் அரிது. இரவில் சிறுத்தை வரும் செய்தியை முதலில் சொல்வது நாய்தான். சிறுத்தைக்கு இரையாவதும் பெரும்பாலும் நாய்தான். ஆகவே இரவில் அதனை உள்ளே அடைத்துக் காப்பது முதற்கடமை. முதுமை எய்திய நாயை மலைப்பாதையில் விட்டுவருவது கொலைக்கு நிகரான செயல்.

இறுதிநிலை வரும்போது மற்றொரு வினா எழுகிறது. வலி தாளாத நாயின் உயிரை ஊசியால் முடித்துவிடலாம் என்று மருத்துவர் கூறுவதுண்டு. விரதம் பூண்ட இல்லங்கள் தயங்குகின்றன, தயக்கம் இயல்பே. ஆனால் தயக்கத்தின் பெயரால் உயிரைத் துடிக்க விடுவதும் அறமாகாது. இவ்விரண்டுக்கும் முன்னே செய்யத்தக்கவை பல: வலி தணிக்கும் மருந்து, குளிர் தாக்காத படுக்கை, நாவை நனைக்கும் நீர், பழகிய கையின் தொடுதல், செவியில் ஐந்து பதங்கள். சீவகன் அந்த நாயின் உயிரை முடிக்கவும் இல்லை. அதனை விட்டு நீங்கவும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்ததே அவன் காட்டிய வழி.

உயிர் நீங்கியபின் உடலை ஓடையில் எறியாது, நிலத்தில் ஆழத் தோண்டி அடக்கம் செய்தல் நலம். மலையின் நீர் கீழே பல ஊர்களுக்குக் குடிநீர். கல் நாட்ட வேண்டுவதில்லை. இல்லத்துப் பிள்ளைகள் அழுதால், அது வெறும் நாய்தானே என்று அடக்காமல், கோவிவனின் பெயரையும் சுதஞ்சணனின் கதையையும் அவர்களுக்குச் சொல்லலாம். எவ்வுயிரும் தன்னுயிர்போல் என்னும் அறத்தை அவர்கள் ஏட்டில் படிப்பதற்கு முன்பே அந்நாளில் உணர்ந்துகொள்வர்.