அறுவடைக் காலமும் ஆஸ்துமாவும்: முதுகெலும்புக் கையாள்கையின் சான்றுகளை மதிப்பிடல்

தை மாதம் சம்பா அறுவடை தொடங்கியதும் காவிரிப் படுகையில் இழுப்பு உள்ளவர்கள் திண்டாடிப்போகிறார்கள். பனி ஒருபுறம், அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் சுணையும், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் பதரும் மறுபுறம். வெயில் ஏறியபின் பலருக்கு இழுப்பு தானே தணிகிறது. இடையில், மாசியில், ஒருவர் கைரோபிராக்டிக் முறையில் முதுகெலும்பைச் சீர்செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் கிடைக்கும் சுகத்தை எதன் கணக்கில் எழுதுவது? இங்கே வேளாண் பருவமே பொய்ச்சாட்சி சொல்லக்கூடும்.

அந்தச் சாட்சியை விலக்க ஒப்பீட்டுக் குழு வேண்டும். 1998இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட கனடிய ஆய்வு அதைச் செய்தது. ஆஸ்துமா உள்ள சிறார்களில் ஒரு குழுவுக்கு மெய்யான கையாள்கை, மற்றதற்குப் பாவனைக் கையாள்கை, 4 மாதங்களுக்கு. வழக்கமான மருந்து இரு குழுவுக்கும் தொடர்ந்தது. பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 80 பேரில் இரு தரப்புக்கும் தொல்லை குறைந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

“தொல்லை குறைந்ததே, போதாதா?” என்பார்கள். போதாது. அதே இதழில் 2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, உண்மையான இன்ஹேலரையும் போலி இன்ஹேலரையும் போலி அக்குபஞ்சரையும் ஒப்பிட்டது. நோயாளிகள் உணர்ந்த நிம்மதி மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஊதும் மூச்சை அளந்தபோதோ, உண்மை மருந்தில் 20 விழுக்காடும் மற்றவற்றில் ஏறக்குறைய 7 விழுக்காடுமே கூடியிருந்தன. மார்பு லேசானதாகத் தோன்றும். மூச்சுக்குழல் சுருங்கியே இருக்கும். ஆஸ்துமாவில் ஆளைக் கொல்லும் இடைவெளி இதுதான்.

உடலியலும் முதுகெலும்புக் கையாள்கைக்குத் துணைவரவில்லை. டி. டி. பால்மர் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் தொடங்கிய கைரோபிராக்டிக் முறை, முள்ளெலும்பு விலகல் நரம்பை நெருக்குகிறது என்ற கருத்தில் நிற்கிறது. மூச்சுக்குழல் தசையைச் சுருக்கும் வேகஸ் நரம்போ மூளைத்தண்டிலிருந்து நேரே இறங்குகிறது. முள்ளெலும்புகளின் இடுக்கு வழியாக அது வருவதில்லை.

அந்த நரம்பின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் என்னும் பொருள் ஊமத்தையில் உண்டு. 1802இல் சென்னையிலிருந்து ஊமத்தைப் புகை பிடிக்கும் பழக்கம் ஆங்கிலேயர் வழியே பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தை நஞ்சு, இன்று யாரும் அதைப் புகைக்கக் கூடாது. ஆனால் அதன் அட்ரோபினை ஒட்டியே இப்ராட்ரோபியம் என்னும் உள்ளிழுப்பு மருந்து உருவானது. பழமை ஒன்றே அதற்குத் தகுதி தந்துவிடவில்லை. குழல் விரிந்ததை அளந்து காட்ட முடிந்தது. சித்த மருத்துவத்தில் உடலைப் பிடித்து நீவும் தொக்கணத்துக்கும் இதே அளவுகோல்தான். நம்முடையது என்பதற்காகச் சலுகை கிடையாது.

மூட்டை தூக்கும் தொழிலாளியின் முதுகுவலிக்குக் கையாள்கை உதவுமா என்பது வேறு கேள்வி. அங்கே நோயாளியின் உணர்வே அளவீடு. இழுப்புக்கு அதைப் பரிந்துரைப்பவர், ஒரு தை முதல் மறு தை வரை, பாவனைக் குழுவோடு, மூச்சுமானியில் அளந்து காட்டட்டும். அதுவரை நோயாளி இன்ஹேலரை நிறுத்தாதிருக்கட்டும்.