அப்பிள் இல்லாத அப்பிள் கேக்

2022 மே மாதம். தங்கச்சிக்குப் பிறந்தநாள். யூடியூப்பில் பார்த்த அப்பிள் கேக்தான் வேணுமாம். வீட்டில் காஸ் இல்லை, கோதுமை மா விலை கைக்கு எட்டவில்லை, அப்பிள் கண்ணிலேயே படவில்லை. அந்த மார்ச்சில்தான் அரசாங்கம் 367 பொருள்களை அத்தியாவசியமற்றவை என்று சொல்லி, இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அப்பிளும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடே கையை விரித்தது.

"அப்பிள் எண்டா என்ன மனே, அதுவும் ஒரு பழம்தானே?" என்று கேட்டுவிட்டு, அம்மம்மா வளவுக்குள்ள போய் மரமுந்திரிப் பழம் பொறுக்கி வந்தார். கொட்டையைக் கழற்றிப்போட்டு நாங்கள் வீசுகிற அதே பழம். ஆங்கிலத்தில் அதன் பெயரே 'கஷூ அப்பிள்' என்பது அவருக்குத் தெரியாது.

பழத்தை உப்புத் தண்ணியில் ஊறப்போட்டு, அவித்துக் காறலை எடுத்தார். சீனியும் கறுவாவும் போட்டுக் கிளறினார். அரிசி மா, ரவை, முட்டை, தேங்காய்ப்பால், கொஞ்சம் அப்பச்சோடா. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போட்டார். அதுதான் எங்கட அவன்.

அன்றைக்கு இதை வெறும் சமாளிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு வாசிக்க வாசிக்க, இந்த ஊர்க் கேக்கின் வரலாறே மாற்றுப்பொருள்களின் வரலாறுதான் என்று பட்டது.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். வெறும் பத்து வருசம். ஆனால் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இந்த நூற்றாண்டு வரைக்கும் பேசப்பட்டது. மரமுந்திரியும் போர்த்துக்கேயர் வழியாக பிரேசிலிலிருந்து ஆசியாவுக்கு வந்த மரம்தான். நாங்கள் சொல்லும் 'கஜு', அங்குள்ள தூப்பி மக்களின் சொல். போர்த்துக்கேய வழி வந்ததாகச் சொல்லப்படும் லவ் கேக்கை எடுத்துப் பாருங்கள்: ஐரோப்பிய இனிப்புகளில் பாதாம் இருக்கும் இடத்தில் கஜு, கோதுமை மாவுக்குப் பதில் ரவை, கூடவே கறுவாவும் சாதிக்காயும். கிடைக்காததுக்குப் பதிலாகக் கிடைத்ததைப் போட்டதுதான் இன்றைக்குப் 'பாரம்பரியம்'.

ஆனால் எல்லா மாற்றும் ஒன்றல்ல. 1970களில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது பாணுக்கு விடியமுன்னமே வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளி. போர்க்காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த அம்மம்மாவுக்கு அதைவிட இறுக்கம். பையில் எதைக் கொண்டுபோகலாம், எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதைச் சோதனைச் சாவடியில் நின்றவர்தான் தீர்மானித்தார். மணல் சட்டியில் கேக் சுட அவர் பழகினது அந்தக் காலத்தில்தான். அதை அவர் திறமை என்று சொன்னதே இல்லை. "வேற என்ன செய்யிற மனே" என்பார்.

2022இல் "எங்கட ஆக்கள் எதையும் சமாளிப்பாங்க" என்று முகநூலில் பெருமையாக எழுதினவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. எங்கட ஒழுங்கையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதும், விறகு பொறுக்கினதும், புகைக்குள் இருந்ததும் பெரும்பாலும் பெண்கள். நாங்கள் பெருமை பேசியது அவர்களுடைய களைப்பை வைத்து.

கோட்டையைக் கட்டின வருசம் புத்தகத்தில் இருக்கிறது. முதல்முதல் பாதாமுக்குப் பதிலாகக் கஜுவை இடித்துப் போட்ட கை யாருடையது என்று எங்கேயும் இல்லை. அம்மம்மாவின் அளவும் அப்படித்தான் போய்விடும். "கை கண்ட அளவு" என்கிறார். அதை எந்தக் கரண்டியில் அளப்பது?

போன கிழமை பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பிடியையும் நிறுத்து எழுதினேன். அரிசி மா ஒரு பிடி 45 கிராம். இப்போது கடையில் அப்பிள் திரும்ப வந்துவிட்டது. தங்கச்சி இந்த வருசமும் மரமுந்திரிக் கேக்தான் கேட்டாள்.