'வழக்கமான சிகிச்சை' என்றால் என்ன? திண்டுக்கல் ஆய்வை மீண்டும் படிக்கும்போது

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் 'வழக்கமான சிகிச்சை' என்றொரு சொல் வரும். புதிய பரிசோதனை தரப்படாத குழுவுக்கு ஏற்கெனவே என்ன கிடைத்து வந்ததோ அதுவே தொடரும் என்று அர்த்தம். நம் ஊர்ப் பெண்களுக்கு ஏற்கெனவே என்ன கிடைத்து வந்தது?

1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அதில் 12 படுக்கைகள். பிறகு காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. இரண்டுமே மாநிலத்தின் வடகோடியில். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கூலிப் பெண்ணுக்கு அது ஓர் இரவுப் பயணம். மதுரைக்குப் போகலாம்தான். ஆனால் நோய் இருக்கிறதென்று தெரிந்த பிறகுதானே போக முடியும்? கருப்பைவாய்ப் புற்றுநோய் வலி காட்டும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை கிராமத்தில் இல்லை.

இந்த நிலையில்தான் 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆய்வு வந்தது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், மாறுபட்ட இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் போதும், ஆய்வகம் வேண்டாம். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். 114 கிராமத் தொகுதிகளில் 57க்குப் பரிசோதனை, 57க்கு 'வழக்கமான சிகிச்சை'. எந்தத் தொகுதி எதில் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: பரிசோதனைப் பக்கத்தில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு.

இது பெரிய கண்டுபிடிப்பு, மறுக்க மாட்டோம். 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள், பலர் பிழைத்தார்கள். அந்தச் செவிலியர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை.

மறுபக்கத்தில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். உஸ்மானாபாத்திலும் மும்பை குடிசைப்பகுதிகளிலும் நடந்த இதே போன்ற ஆய்வுகளையும் சேர்த்தால், பரிசோதிக்கப்படாத குழுக்களில் 1,38,624 பெண்கள், 254 சாவுகள். இது சரியா என்ற விவாதம் பிற்பாடு அமெரிக்கா வரை போனது. ஆய்வாளர்கள் தரப்பு பதில் ஒன்றுதான்: இந்தியாவில் வழக்கமான சிகிச்சை என்பதே பரிசோதனை இல்லாமைதான், யாரிடமிருந்தும் எதையும் நாங்கள் பறிக்கவில்லை.

தோழர்களே, இந்த வாதத்தை நிதானமாகப் படியுங்கள். சொன்னது பொய்யல்ல. அதுதான் பிரச்சினை. அரசு செய்யத் தவறிய ஒன்று, ஆய்வுக்கான அனுமதிச் சீட்டாக மாறிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இருந்திருந்தால் இப்படியொரு குழுவை உருவாக்கவே முடிந்திருக்காது. இறந்த 92 பேரில் சேரிப் பெண்கள் எத்தனை பேர்? வெளிவந்த முடிவுகளில் சாதிக் கணக்கு இல்லை. கூலி வேலை, ஏழ்மை, எழுத்தறிவின்மை ஆகியவை இந்த நோயோடு சேர்ந்தே வருபவை என்று எல்லோரும் எழுதுவார்கள். அவை எந்தத் தெருவில் குவிந்திருக்கின்றன என்று எழுத மாட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 2007இல் தமிழக அரசு இதே பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது, தேனியிலும் தஞ்சாவூரிலும். 2012இல் மாநிலம் முழுக்க விரிவாக்கியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் அது 2 சதவீதத்துக்கும் கீழே என்பதால் நமக்குப் பாராட்டு கிடைக்கிறது. பத்தில் ஒன்பது பேர் இன்னும் அந்த 'வழக்கமான' பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

கண்டுபிடித்த பிறகும் கதை முடிவதில்லை. கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் நடக்கும். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குப் பணம் தரும், கூலிக்குத் தராது. கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. நாங்கள் ஒருமுறை மாவட்டத் தலைநகர் மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிப்போன அக்கா, மூன்றாவது வாரத்தில் கேட்டார்: "நாத்து நடவு ஆரம்பிச்சிருச்சு, மிச்ச கரண்டை அறுப்பு முடிஞ்சு வந்து வச்சுக்கலாமா தம்பி?" இடையில் நிறுத்தக் கூடாது என்று சொன்னோம். வீட்டுச் செலவுக்கு யார் பணம் தருவது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வரவில்லை.