பழக்கம் என்றொரு காரணம்: டாக்டர் கானோல்கரும் பீடித்தட்டும்

புற்றுநோய் சந்தேகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, ‘பழக்கம் ஏதும் உண்டா?’ என்பது. எதன் பழக்கம் என்று யாரும் விளக்குவதில்லை. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ‘வெத்தல பொவயில போடுவேன்யா, பல்லுவலிக்குன்னு ஆரம்பிச்சது’ என்று ஒரு கிழவி சொல்லும்போது, நோயைப் பற்றிய தகவல் ஒரு வாக்குமூலமாக மாறிவிடுகிறது. நோயாளி அந்த இடத்தில் குற்றவாளியாகவும் ஆகிறாள்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்திய மருத்துவத்தில் அதற்கு முழு அறிவியல் அந்தஸ்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் வசந்த் ராம்ஜி கானோல்கர் (1895–1978). ‘இந்திய நோய்க்கூற்றியலின் தந்தை’ என்று அவரைச் சொல்வார்கள். தந்தைகள் மீதான நமது சந்தேகம் ஒருபக்கம் இருக்கட்டும். அவர் என்ன செய்தார், அவர் செய்ததில் எது நமக்கு ஆயுதம், எது நமக்கு எதிராகத் திரும்பியது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

1

காலனிய மருத்துவத்தில் நெடுநாள் புழங்கிய ஒரு நம்பிக்கை, புற்றுநோய் நாகரிக மனிதனின் நோய் என்பது. ‘சுதேசி’களுக்கு காலரா வரும், பெரியம்மை வரும், பிளேக் வரும், புற்று அபூர்வம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேராதவர்களைக் கணக்கில் சேர்க்காமலும், சராசரி ஆயுள் குறைந்த ஒரு ஜனத்திரளில் முதுமையின் நோயைத் தேடியும் கட்டப்பட்ட ‘உண்மை’ இது. நோய் இல்லை என்பதும் நோயைப் பார்க்க ஆளில்லை என்பதும் வேறு வேறு. காலனியப் புள்ளிவிவரம் இரண்டையும் ஒன்றாக்கியது.

இந்தக் கதையாடலில் முதலில் விரிசல் விழுந்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அந்தக் காலத்துத் தென்திருவிதாங்கூர். அங்கே நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி. அங்கிருந்த பென்ட்டால், 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். 1933-ல் அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஓர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி லான்செட்டில் எழுதினார். அவர்களுக்கும் முன்னால், 1902-லேயே, சென்னையில் நிப்லாக் கன்னத்தின் உட்புறப் புற்றையும் புகையிலை மெல்லுவதையும் இணைத்துப் பேசியிருக்கிறார். 1930களில் லாகூரில் விஸ்வநாத்தும் கிரெவாலும் அகில இந்திய அளவில் கணக்கெடுத்து, இங்கும் புற்றுநோய் அபூர்வமல்ல என்று காட்டினார்கள்.

ஆக, கானோல்கர் வெற்றிடத்திலிருந்து புறப்படவில்லை. அவர் வந்தபோது கேள்வி தயாராக இருந்தது. அதை ஒரு நிறுவனமாக, ஒரு துறையாக, ஒரு பார்வையாக மாற்றியது அவருடைய வேலை.

2

லண்டன் பல்கலைக்கழகத்தில் 1923-ல் நோய்க்கூற்றியலில் எம்.டி. பட்டம் வாங்கித் திரும்பிய கானோல்கர், பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். 1941 பிப்ரவரியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. டோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப்புற்றில் இறந்துபோனதன் ஞாபகமாக எழுந்த மருத்துவமனை அது. அதன் பரிசோதனைக் கூடங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் கானோல்கர் பொறுப்பேற்றார். 1952-ல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் அவர் தலைமையில் உருவானது. செல் உயிரியலில் கமல் ரணதிவே, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சத்யவதி சிர்ஸாத், நோய்ப்பரவல் கணக்கில் எல்.டி. சங்வி என்று ஒரு தலைமுறையே அவர் கூடத்திலிருந்து வந்தது. அதில் பெண்கள் இவ்வளவு பேர் இருந்தது அந்தக் காலத்துக்குச் சாதாரணமல்ல. பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், சர்வதேசப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியத்தின் தலைவர், பத்மபூஷண் என்று பட்டியல் நீளும். தொழுநோயில் நரம்புகள் எப்படிச் சிதைகின்றன என்பதிலும் அவர் வேலை முக்கியமானது.

ஒரு நோய்க்கூற்றியல்காரரின் அன்றாடம் என்ன? நோயாளியை அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வெட்டியெடுத்த சதைத்துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் உறைந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு மெல்லிசாகச் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏறி, கண்ணாடித் தகட்டில் வந்து சேரும். அந்த உடம்புக்குப் பேர் கிடையாது, சாதி கிடையாது, கூலி கிடையாது. மிஷேல் ஃபூக்கோ 1963-ல் எழுதிய ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் காட்டுகிற மருத்துவப் பார்வை இதுதான். பிஷாவிலிருந்து தொடங்கி, நோயின் உண்மை உடலைத் திறந்து பார்ப்பதில் இருக்கிறது என்றானது. திறந்து பார்க்கிற பார்வைக்கு அதிகாரம் கூடக்கூட, படுத்துக்கிடப்பவரின் பேச்சுக்கு எடை குறைந்தது.

கானோல்கரின் தனித்தன்மை, அவர் தகட்டோடு நிற்கவில்லை என்பது. தகட்டிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து வீட்டுக்கும் திரும்பி நடந்தார். 1944-ல் பம்பாயின் ஆயிரம் வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றிய கட்டுரை. 1945-ல் சூர்யாபாயோடு சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இங்கே நமக்கு முக்கியம். புழக்கங்களோடு தொடர்புடைய மூன்று புதிய புற்று வகைகள் இந்தியாவில் உண்டு என்கிறது அது. இடுப்பில் வேட்டி இறுக்கிக் கட்டும் இடத்தில் வருவது ஒன்று. ஆந்திரக் கரையில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பவர்களுக்கு மேலண்ணத்தில் வருவது ஒன்று. புகையிலையையும் சுண்ணாம்பையும் கசக்கிக் கீழுதட்டுக்குள் அடக்கி வைப்பவர்களுக்கு அங்கே வருவது ஒன்று. உடம்பில் புற்று உட்கார்ந்திருக்கும் இடமே அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதன் கையெழுத்தாகிறது.

இதன் அரசியல் பெறுமதியைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ‘சுதேசியின் உடம்பே அப்படி’ என்று இனத்தை, ரத்தத்தைக் காரணமாக்கிய சொல்லாடலை அது உடைக்கிறது. நோய் பிறப்பில் இல்லை, வாழ்வில் இருக்கிறது என்றால் அதை மாற்ற முடியும். 1955-ல் சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் புகைப்பதையும் மெல்லுவதையும் வாய், தொண்டைப் புற்றுகளோடு எண்ணிக்கையில் இணைத்துக் காட்டினார்கள். டாலும் ஹில்லும் லண்டனில் சிகரெட்டையும் நுரையீரலையும் இணைத்த கட்டுரை வந்து (1950) ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

ரத்தத்தை அவர் முழுசாக விட்டுவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. 1949-ல் சங்வியும் அவரும் பம்பாயின் ஆறு அகமணக் குழுக்களின் மரபுக்கூறுகளை அளந்து எழுதினார்கள். அது வெளிவந்த பத்திரிகையின் பெயர் ‘அனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’. இனமேம்பாட்டியல் என்ற அந்தப் பேர் 1954-ல்தான் மாறியது. சாதியைத் தயாராகக் கிடைக்கும் ஆய்வுக்கூடமாகப் பார்க்கிற பார்வை நவீன அறிவியலுக்குள் எவ்வளவு இயல்பாக நுழைந்தது என்பதற்கு இது ஒரு தடயம்.

3

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். ‘பழக்கம்’.

1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் ஒரு புற்றை அடையாளம் கண்டார். புகைபோக்கிக்குள் இறங்கிக் கரியைச் சுரண்டும் பையன்களுக்கு, பிற்பாடு விதைப்பையில் வரும் புற்று. ஐரோப்பிய மருத்துவம் வெளியிலிருந்து வரும் காரணத்தோடு தெளிவாக இணைத்த முதல் புற்று அதுதான். அது ஒரு தொழிலின் பேரால் அறியப்பட்டது. 1848-ல் மேல் சைலீசியாவில் டைபஸ் பரவியபோது பார்க்கப் போன ருடால்ஃப் விர்ஹோ, பின்னாளில் செல் நோய்க்கூற்றியலின் ஆசான், பட்டினியையும் ஆட்சியையும் காரணமாக எழுதினார். சுயாட்சி, கல்வி, சாலை என்று மருந்து எழுதிக்கொடுத்தார். நுண்ணோக்கியும் அரசியலும் ஒரே கையில் இருந்த காலம் அது.

அங்கே ‘தொழில்’ என்று பேர் பெற்றது, இந்தியாவுக்கு வரும்போது ‘புழக்கம்’, ‘வழக்கம்’, ‘பழக்கம்’ ஆகிறது. இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலென்றால் முதலாளி உண்டு, சட்டம் உண்டு, நஷ்டஈடு உண்டு. பழக்கமென்றால் பழகியவர் மட்டும்தான் உண்டு. எரியும் முனையை உள்ளே வைத்துச் சுருட்டுக் குடிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், உழைக்கும் பெண்கள். அவர்கள் நாளில் எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை வேளைச் சாப்பாடு, பசியை மந்தமாக்குவதில் புகையிலையின் பங்கு என்ன? இந்தக் கேள்விகள் ‘பழக்கம்’ என்ற கட்டத்தை நிரப்பியதும் நின்றுபோகின்றன. வரலாறு அந்தச் சொல்லின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது.

வாய்த்தசை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோயை எடுத்துக்கொள்வோம். பம்பாயில் ஜோஷி 1953-ல் விவரித்தது. 1960-ல் சிர்ஸாத்தும் கானோல்கரும் எலிகளின் அண்ணத்தில் மிளகாயின் காரச்சத்தைத் தடவி அதையொத்த மாற்றத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். ஏழை வீட்டுச் சோற்றில் இருந்த மிளகாய் மேல் சந்தேகம் விழுந்தது. உண்மையான பெரும் காரணம் பாக்கு என்பது பிற்பாடு நிலைபெற்றது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வகைப்படுத்தியது. அதற்குள் பான்மசாலாவும் குட்காவும் சரம்சரமாகப் பெட்டிக்கடைகளில் தொங்கத் தொடங்கி, பதினெட்டு இருபது வயதுப் பையன்களின் வாயை இறுக்கிவிட்டன. தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை 2013-ல் வந்தது. பாட்டியின் வெற்றிலைப்பெட்டி ஒரு மரபு என்றால், பொட்டலக் குட்கா ஒரு தொழிற்சாலைச் சரக்கு. இரண்டையும் ‘பழக்கம்’ என்ற ஒரே கட்டத்தில் எழுதுகிற படிவம், யாரைக் காப்பாற்றுகிறது?

4

பேட்டையிலிருந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமாகிறது. பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல் என்று தாமிரபரணிக் கரை நெடுக பீடி சுற்றிப் பிழைக்கிற வீடுகள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் புகையிலைத்தூளும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள். வேலை நடப்பது வீட்டில். அதே அறையில் சோறு பொங்கும், பிள்ளை தூங்கும். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் 1976-ல் நலநிதிச் சட்டமும் வந்தன. அவற்றுக்குப் பின்னால் தொழிற்சங்கங்களின் போராட்டம் உண்டு. ஆனாலும் ‘என்ன வேலை பாக்கீங்க?’ என்று கேட்டால், ‘வீட்லதான் இருக்கேன், சும்மா பீடி சுத்துவேன்’ என்று பதில் வரும். அந்தச் ‘சும்மா’வில் ஒரு முழுத் தொழிலும் மறைந்துபோகிறது. ஆந்திராவில் நரசாபூர் சரிகைப் பின்னல் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் எழுதியதும் இதைத்தான். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்கிறவள், ‘குடும்பத்தலைவி’ என்று எழுதப்படுவதால் தொழிலாளி ஆவதில்லை.

பீடி குடிக்கிறவனின் தொண்டை மருத்துவத்துக்குத் தெரிகிறது. பீடி சுற்றுகிறவளின் விரலும் நெஞ்சும் தெரிவதில்லை. குடிப்பது பழக்கம், அதற்குக் கட்டம் உண்டு. சுற்றுவது சும்மா, அதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் போட முடியாததல்ல. கானோல்கர் தொடங்கிவைத்த அதே பம்பாய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அவர் காலத்துக்குப் பிறகு, பீடித் தொழிலாளர்களின் சிறுநீரைச் சோதித்து, ஒரு பீடிகூடக் குடிக்காத உடம்பிலும் புகையிலையின் சத்துக்கள் போய்ச் சேர்வதைக் காட்டியிருக்கிறார்கள். தோல் வழியாக, தூசி வழியாக. அதாவது இந்த அறிவியலுக்குள்ளேயே பாட் தொடங்கிய தொழிலின் வழி திறந்துதான் இருந்தது. அதில் நடக்க, கேள்வியை வேறு இடத்திலிருந்து கேட்கிற ஆட்கள் வேண்டியிருந்தார்கள்.

யார் கேட்கிறார்கள் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டாட்டா நினைவு மருத்துவமனை 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. கானோல்கரும் அத்துறையின் உயிரியல், மருத்துவ ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். நெய்யூருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் தோரிய மணல் அள்ளுவதும், கூடங்குளத்தில் உலை நடத்துவதும், நாட்டின் மிகப்பெரிய புற்றுநோய் மையத்தை நிர்வகிப்பதும் ஒரே துறையின் கிளைகள். கதிரியக்க மணல் உள்ள கருநாகப்பள்ளியில் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த முடிவை ஏற்பதற்கு எனக்குத் தயக்கமில்லை. ஆனால் சந்தேகத்துக்கு உரியவரே சோதனைக்கூடத்துக்கும் சொந்தக்காரர் என்கிற ஏற்பாடு, நல்ல முடிவைக்கூட ஜனங்கள் நம்ப முடியாமல் ஆக்கிவிடுகிறது. இடிந்தகரையில் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பின்னால் இந்த அவநம்பிக்கையும் இருந்தது.

5

கானோல்கரை நிராகரிப்பது சுலபம், பயனற்றது. புகையிலை கொல்கிறது என்பதைக் ‘கட்டமைப்பு’ என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. கிழிந்த கன்னத்தைத் துணியால் மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். 2009-லிருந்து பீடிக்கட்டிலும் எச்சரிக்கைப் படம் அச்சாகிறது. அது தேவைதான். ஆனால் அந்தக் கட்டைச் சுற்றிக் கொடுத்தவளுக்கான எச்சரிக்கை எங்கே அச்சாகிறது? பீடி ஒழிந்தால் அவளுக்கு என்ன வேலை என்ற கேள்வியை எந்தச் சுகாதாரத் துறை எழுப்பியிருக்கிறது?

சதைத்துண்டிலிருந்து மனுஷனின் வாழ்க்கைக்குத் திரும்பி நடக்கலாம் என்று காட்டியது கானோல்கரின் சாதனை. வீட்டு வாசல்வரை வந்து, ‘பழக்கம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போனது அந்த அறிவியலின் எல்லை. மீதித் தூரம் சங்கத்துக்காரர்களும், பெண்கள் அமைப்புகளும், மனசாட்சியுள்ள டாக்டர்களும், எழுதுகிறவர்களும் நடக்க வேண்டியது. உடனடியாகச் செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளின் நோயாளிச் சீட்டில் ‘பழக்கம்’ என்ற வரிக்கு மேலே ‘என்ன வேலை, எத்தனை வருஷம், யாருக்காக’ என்று மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லி நிற்பது. சின்னக் கோரிக்கைதான். ஆனால் அந்த மூன்று வரிகளும் நிரம்ப ஆரம்பித்தால், நோய்க்குக் காரணமானவர்களின் பட்டியலில் நோயாளியின் பேர் மட்டும் தனியாக இருக்காது.