கண்ணாடி போட்டா பவர் ஏறுமா? குழந்தைகளின் கிட்டப்பார்வை: பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் தெருவில் இருந்து நல்லா தெரியுது. அதிலிருக்கும் பொம்மைகள் மட்டும் கலங்கலா தெரியுதுன்னு குழந்தை சொன்னால் அது கிட்டப்பார்வையாக இருக்கலாம். பவர் மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர் வரைதான் தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மெல்ல மெல்ல வருவதால் பல பிள்ளைகளுக்குத் தங்களுக்குக் குறை இருப்பதே தெரியாது. டிவிக்கு கிட்டப் போய் உட்காருவதும், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும்தான் நமக்குக் கிடைக்கும் அடையாளம்.

ஏன் கவலைப்படணும்?

கிட்டப்பார்வையில் கண் பந்து தேவைக்கு மேல் நீளமாக வளர்கிறது. வளர்ந்த நீளம் திரும்பக் குறையாது. பவர் மைனஸ் 6-ஐத் தாண்டினால், பெரியவர்களான பிறகு விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகள் கூடும். கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், இந்த ஆபத்தைக் குறைக்காது. அதனால்தான் சின்ன வயதில் வரும் கிட்டப்பார்வையை டாக்டர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள்.

"கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்" என்பது தப்பு. வளரும் வயதில் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் பவர் ஏறலாம். வேண்டுமென்றே பவரைக் குறைத்துப் போடுவதாலும் பலன் இல்லை.

வெளியே விளையாடினால் போதுமா?

தினமும் 2 மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவும். தைவான் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அதன்பின், பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக்குறைவு இறங்கத் தொடங்கியது. ராஜபாளையம் வெயிலில் எப்படி என்று கேட்கலாம். உச்சி வெயில் தேவையே இல்லை. மரநிழலில் கிடைக்கும் வெளிச்சமே வீட்டு லைட்டைவிட பல மடங்கு அதிகம். ஆனால் ஏற்கெனவே பவர் வந்த பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் போதாது.

எங்கே போகணும்?

அரசுப் பள்ளிகளில் 2009 முதல் நடக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் மட்டும் பார்த்து குழந்தைக்கு கண்ணாடி வாங்கிடாதீங்க. பிள்ளைகள் கண்ணை இறுக்கிப் பார்ப்பதால், இல்லாத பவரும் இருப்பதாகக் காட்டும். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதே சரி. அன்றைக்கு எழுத்து மங்கலாகத் தெரியும் என்பதால், மறுநாள் பரீட்சை இருந்தால் வேறு நாள் போங்க.

பவர் வேகமாக ஏறினால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, சிறப்பு கண்ணாடி லென்ஸ் என வழிகள் உண்டு. அட்ரோபினில் 0.05 சதவீத மருந்து ஹாங்காங் ஆய்வில் நன்றாக வேலை செய்தது, 0.01 சதவீதம் எல்லா ஆய்வுகளிலும் பலன் தரவில்லை. எது, எவ்வளவு நாள் என்பதை கண் டாக்டர்தான் சொல்லணும். இதற்கு பெரும்பாலும் மதுரை அரவிந்த் போன்ற பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். 6 மாதத்துக்கு ஒருமுறை பவர் பார்க்கணும். போகும்போது பழைய சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.