சாரமும் குப்பாயமும்

1998ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டிப் பிரான்சில் தங்கியிருந்த இங்கிலாந்து வீரர் டேவிட் பெக்காம் இடுப்பில் சாரம் கட்டி வெளியே வந்தார். ஆண்மகன் பாவாடை உடுத்துவதா என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் சாரம் உடுத்திப் பள்ளிவாசலுக்குச் செல்பவரை அவ்வாறு யாரும் கேட்பதில்லை. ஆயினும் அரபு நாட்டிலிருந்து திரும்பியவரின் நீளங்கியை 'நைட்டி' என்று நம் இளைஞர்களே கேலி செய்யக் கேட்டிருக்கிறேன். உடையின் வடிவைக் கொண்டு ஒருவரது ஆண்மையை ஐயுறும் இப்பார்வை நம் மண்ணுக்கு உரியதா?

14ஆம் நூற்றாண்டில் இக்கடற்கரைக்கு வந்த இப்னு பதூதா தைத்த உடைக்குப் பழகிய மக்ரிப் நாட்டவர். கோழிக்கோட்டு மன்னர் தொப்புள் முதல் முழங்கால் வரை ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி, வெறுங்காலுடன் கரையில் நின்றதை அவர் எழுதியுள்ளார். இக்கரைப் பெண்டிர் உடுத்தியதும் தைக்காத துணியே என்கிறார். மன்னரின் கோலத்தில் பெண்மை எதையும் அவர் காணவில்லை.

திருவிதாங்கூரில் துணி முதன்மையாகக் காட்டியது சாதியை. ஒடுக்கப்பட்டோர், ஆணாயினும் பெண்ணாயினும், இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது என்பது வழக்காக இருந்தது. தோள்சீலைப் போராட்டத்தைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் பெண்களின் மார்பையே பேசுகின்றன. ஆண்களின் முழங்காலை ஏறத்தாழ மறந்துவிட்டன. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறித்தவம் தழுவிய நாடார் பெண்களுக்குக் குப்பாயம் அனுமதிக்கப்பட்டபோது, சிரியன் கிறித்தவர், சோனகர், மாப்பிள்ளைமார் ஆகியோரின் குப்பாயமே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 1829ஆம் ஆண்டின் அரச ஆணை குப்பாயத்தை விட்டுவைத்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1859இல் வெளியான பிரகடனமும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தும் உரிமையை வழங்கவில்லை.

பெண்களுக்கு ஒப்பாக நடக்கும் ஆண்களைக் கண்டிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளதே என்று கேட்கலாம். ஹிஜ்ரி 852இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) 'ஃபத்ஹுல் பாரி'யில் அதை விளக்குகையில், உடையின் தோற்றம் ஊருக்கு ஊர் வழக்கத்தால் மாறும் என்கிறார். சில சமூகத்தாரிடையே ஆண் பெண் உடை வேறுபடுவதே இல்லை, பெண்கள் திரையால் மட்டுமே வேறுபடுவர் என்றும் சேர்க்கிறார். சாரம் கட்டும் நாட்டில் சாரம் ஆணுக்குரியதே. நடையும் குரலும் பிறவியிலேயே பெண்மை கலந்து அமைந்தவர் மீது குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) பிரித்துக் கூறியதும் இங்கு நினைக்கத்தக்கது. கேலி செய்வோர் இதை அறிவதில்லை.

மலையாளக் கரையில் ஒரே முண்டை முஸ்லிம்கள் இடப்பக்கமும் இந்துக்கள் வலப்பக்கமும் செருகுவது வழக்கம். சமயத்தைச் சொல்ல அந்த ஒரு செருகலே போதுமானதாக இருந்தது.

ஆண்டுதோறும் இம்மாவட்டத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இஹ்ராம் கட்டுகின்றனர். அந்நிலையில் தைத்த உடை பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகாது. கால்சட்டையைக் களைந்து அவர்கள் இடுப்பில் சுற்றுவது, கோழிக்கோட்டுக் கரையில் இப்னு பதூதா கண்டது போன்றதொரு வெள்ளைத் துணி.