கிருஷ்ணாயில் வாசனையும் யவனர் தேறலும்

மயிலாப்பூர்ல வளர்ந்த எனக்கு சின்ன வயசுல ஒயின்னா ஒயின்ஷாப்தான். அங்கே பிராந்தி, ரம் எல்லாம் ஓடும், ஒயினைக் கேட்கிற ஆள் மட்டும் இருக்காதுங்கிறது பெரியவனான பிறகுதான் புரிஞ்சது. ஆக, வேலைக்காக இரண்டு வருஷம் ஜெர்மனி போனப்போ எனக்கு இதுல அனுபவம் பூஜ்யம்.

ஒரு சனிக்கிழமை டீமோட மோசல் ஆற்றங்கரையில் இருக்கிற ட்ரியர் ஊருக்குப் போனோம். பல வருஷம் பாட்டில்ல கிடந்த ரீஸ்லிங் ஒரு கிளாஸ் கையில கொடுத்தாங்க. மோந்து பார்த்தேன். நார்த்தங்காய். மழை நின்ன மொட்டைமாடி. அப்புறம்... கிருஷ்ணாயில்! சின்ன வயசுல கேனைத் தூக்கிட்டு ரேஷன் கடை வரிசையில நின்ன அதே வாசனை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். கூட வந்த ஜெர்மன்காரர் சிரிச்சிட்டு, "கரெக்ட்டு, பழைய ரீஸ்லிங்ல பெட்ரோல் வாசனை வரும்னு நாங்களே சொல்வோம்"னார். அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இது.

அதே ஊர் மியூசியத்தில் ஒரு கல் கப்பல் இருக்கு. நோய்மாகன் கப்பல்னு பேர். கி.பி. 220 வாக்கில், ஒரு ஒயின் வியாபாரியின் கல்லறைக்காகச் செதுக்கியது. வரிசையா பீப்பாய்கள், துடுப்பு போடுறவங்க, நடுவுல சிரிச்ச முகத்தோட ஒரு மாலுமி. அதைப் பார்த்துக்கிட்டு நிக்கும்போதுதான் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்த ஒரு பேர் ஞாபகம் வந்தது: அரிக்கமேடு.

புதுச்சேரி பக்கத்துல இருக்கிற அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடியும் தோண்டியது. கிடைத்தவற்றில் ஆம்போரா துண்டுகள் முக்கியமானவை. ஆம்போரான்னா ரெண்டு பக்கமும் கைப்பிடி, கூரான அடிப்பாகம் கொண்ட மண்ஜாடி. தரையில வச்சா நிக்காது, ஆனா கப்பலோட அடித்தளத்துல சாய்ச்சு அடுக்க அதுதான் வசதி. கசியாம இருக்க உள்ளே பிசின் பூசுவாங்க. அரிக்கமேட்டு ஜாடிகளில் ஒரு பகுதி கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். (உப்புப் போட்ட திராட்சை ஜூஸ்னு கற்பனை பண்ணிப் பார்த்தேன். வேணாம்.)

சென்னைக்கு இன்னும் பக்கத்துல, பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டின வசவசமுத்திரத்திலும் ஆம்போரா துண்டுகள் கிடைச்சிருக்கு. தாலமி எழுதிய 'மலியார்ஃபா' நம்ம மயிலாப்பூர்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. ஜூலை வாக்கில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள்ல இருந்து கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிச்சு இந்தியா வந்து, மிளகு ஏத்திக்கிட்டுத் திரும்புவாங்க. அவ்வளவு வெயிலையும் தாண்டி வந்த சரக்கு இது.

அதை யார் குடிச்சாங்க? புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார்: யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் தர, தினமும் குடிச்சு மகிழ்ந்திருக்கணுமாம். முதல்முறை படிச்சப்போ எனக்கு ஒரே பெருமை. இங்கே ஒயின் ஒண்ணும் புதுசு இல்லை, ரெண்டாயிரம் வருஷப் பழக்கம்!

ஊருக்குத் திரும்பி, அடையாறு ஃபிளாட்ல ரூம்மேட்கிட்ட இதையெல்லாம் அளந்துக்கிட்டிருந்தேன். மால்ல இருக்கிற டாஸ்மாக் எலைட் கடையில வாங்கின பாட்டில் மேசை மேல. அவன் தூத்துக்குடி பக்கம். அவங்க தாத்தா பனையேறி. ஒரு வாய் குடிச்சிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு மச்சான். எங்க தாத்தா கள்ளு இறக்குனதுக்குக் கேஸ் போட்டாங்க. உனக்கு ஏசி கடையில பில்லு போட்டுத் தர்றாங்க."

என்கிட்ட பதில் இல்லை. ராஜாஜி 1937-ல் சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் தளர்த்தி, 1974-ல் திரும்ப வந்து, 1983-ல் டாஸ்மாக்கே உருவாயிடுச்சு. ஆனா 1987-ல் விதிச்ச கள்ளுத் தடை மட்டும் போகலை. கலப்படம்தான் காரணம்னு அரசுத் தரப்பு சொல்லும். அந்தப் பயத்தை நான் அப்படியே ஒதுக்க மாட்டேன். ஆனா கலப்படத்தைப் பிடிக்கிறதும் மரத்தையே குற்றவாளியாக்குறதும் ஒண்ணு இல்லையே.

அப்புறம் மறுபடி புறநானூற்றைப் புரட்டினேன். 235-ஆம் பாட்டு, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. கள்ளு கொஞ்சம் கிடைச்சா எங்களுக்கே கொடுத்துடுவான், நிறைய கிடைச்சா நாங்க பாட அவனும் கூட இருந்து குடிப்பான்னு அழறாங்க. இதுல பொற்கிண்ணமும் இல்லை, யவனரும் இல்லை. ட்ரியர்ல இருந்து அரிக்கமேடு வரைக்கும் தேடின நான் இந்தப் பாட்டைத் தாண்டித்தான் போயிருக்கேன்.

இதுல கொஞ்சம் கெமிஸ்ட்ரியும் இருக்கு. கலயத்தில் சுண்ணாம்பு தடவாட்டி பதநீர் தானாப் புளிச்சுக் கள்ளாயிடும். காலையில இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, அடுத்த நாள் காடி. கப்பல் ஏற முடியாத பானம். ஒயின் ஜாடியில அடைச்சா கடல் தாண்டும். தூரத்துல இருந்து வந்ததுக்குப் பொற்கிண்ணம், பக்கத்து மரத்துல இறங்கினதுக்குக் கலயம்.

அன்னைக்கு ராத்திரி பாட்டில்ல பாதி மிச்சம். கார்க்கை அமுக்கி ஃபிரிட்ஜ்ல வச்சேன். "எத்தனை நாள் தாங்கும்?"னு கேட்டான். மூணு நாள்னேன். "தாத்தாவோடது சாயங்காலமே போயிடும்டா"னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டான்.